மின்சார ஒயரிங்கில் இணையம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்களுடையது தரைத்தளமும் மாடியும் கொண்ட பழைய வீடு. ஃபைபர் இணைப்பின் ரூட்டர் கீழே வாசல் கூடத்தில் இருக்கிறது. மாடியின் பின்னறையில் அமர்ந்து அலுவலக வேலை பார்க்கும் மகனுக்கு வைஃபை எட்டவில்லை. சுவரிலுள்ள மின்சார ஒயரிங் வழியாகவே இணையத்தைக் கொண்டு செல்லும் அடாப்டர் ஒன்று இருப்பதாகக் கடையில் சொல்கிறார்கள். 230 வோல்ட் ஓடும் கம்பியோடு கணினியைச் சேர்ப்பது ஆபத்தில்லையா? வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆபத்தில்லை. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மட்டுமே அதிர்கிறது (50 ஹெர்ட்ஸ்). ரூட்டர் அருகே ஒன்று, கணினி அருகே ஒன்று என்று ஜோடியாகச் செருகும் பவர்லைன் அடாப்டரோ 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில், அதாவது விநாடிக்கு இருபது லட்சம் முறைக்கும் மேலாக அதிரும் மெல்லிய அலைகளில் தகவலை ஏற்றி அதே கம்பியில் அனுப்புகிறது. அந்த அலைகளை மட்டும் உள்ளே விட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் மின்தேக்கியும் சிறு மின்மாற்றியும் அடாப்டருக்குள்ளேயே இருப்பதால், கணினிக்கு வந்து சேர்வது வழக்கமான ஈத்தர்நெட் கேபிள்தான். இந்த உத்தி நமக்குப் புதிதும் அன்று. துணைமின் நிலையங்களில் உயரழுத்தக் கம்பிகளோடு பெரிய பீப்பாய் போன்ற கம்பிச்சுருள்கள் பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மின்பாதையிலேயே அனுப்பும் அலைகள் வழிதவறிப் போகாமல் தடுப்பவை அவை.

வாங்கலாமா என்பதற்கு விடை, நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்றில் இருக்கிறது: மாடிக்குத் தனி மீட்டரா? நம் ஊர்களில் மாடியைப் பின்னால் கட்டி, வாடகைக்கு விடலாம் என்று தனி இணைப்பு வாங்கி வைப்பது சாதாரணம். அப்படியானால் கீழ்வீட்டு ஒயரிங்கும் மேல்வீட்டு ஒயரிங்கும் மீட்டர் பலகைக்கு அப்பால்தான் சந்திக்கின்றன. அத்தனை தூரம் சுற்றி, இரண்டு மீட்டர்களையும் கடந்து செல்லும் அலை பெரும்பாலும் நைந்துதான் போகும். எனவே உங்கள் மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் இந்தப் பெட்டிகளில் பணத்தைப் போடாதீர்கள்.

ஒரே மீட்டர்தான் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது, மும்முனை இணைப்பா என்பது. கீழ்த்தளம் ஒரு பேஸிலும் மாடி வேறொரு பேஸிலும் இருந்தால் வேகம் வெகுவாகக் குறையலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து, ரூட்டர் இருக்கும் பிளக் பாயிண்டும் மகன் அறையின் பிளக் பாயிண்டும் ஒரே பேஸில் வருகின்றனவா என்று மட்டும் கேளுங்கள். சோதனை விளக்கோடு வருபவருக்கு அது சிறிது நேர வேலை. இணையத்துக்காக மொத்த வீட்டையும் ஒரே பேஸுக்கு மாற்றச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். சுமை ஒரு பக்கமாகச் சேர்வது நல்லதன்று.

இரண்டும் பொருந்தி வந்தால் வாங்குங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 600, 1000 போன்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை கம்பியில் இரு திசையிலும் ஓடும் மூல வேகத்தின் கூட்டுத்தொகை. கையில் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கே. 600 என்று எழுதிய பெட்டியின் ஈத்தர்நெட் போர்ட் 100 மெகாபிட்டுக்கு மேல் கொடுக்காததாக இருப்பதும் உண்டு. காணொளிக் கூட்டத்துக்குச் சில மெகாபிட் தடையின்றி வந்தாலே போதும் என்பதால் உங்கள் மகனுக்கு இது குறையாகத் தெரியாது. அடாப்டரை நேராகச் சுவர் பிளக் பாயிண்டில் செருகுங்கள். மின்னெழுச்சித் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால், உயர் அதிர்வெண்களை வடிகட்டும் அந்தப் பெட்டி இணையத்தையும் சேர்த்தே வடிகட்டிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு முள் அடாப்டர் என்றால் இன்னொரு குறையும் உண்டு: 2012-இல் வந்த ஹோம்பிளக் ஏவி2 என்ற பவர்லைன் தரத்தைச் சேர்ந்த வகையில் எர்த் கம்பியையும் சேர்த்துப் பயன்படுத்தி வேகம் கூட்டும் வசதி இருக்கிறது, எர்த் முள் இல்லாமல் அது கிடைக்காது.

கேள்வி: இரண்டு மாதமாக நன்றாக வேலை செய்த பவர்லைன் அடாப்டர், இப்போது மாலை வேளைகளில் மட்டும் தடுமாறுகிறது. பழுதாகிவிட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தடுமாறும் அடாப்டரை நான் பழுது என்று சொல்ல மாட்டேன். மாலையில் உங்கள் வீட்டில் எது புதிதாக எரிகிறது என்று பாருங்கள். மலிவான எல்.இ.டி. விளக்குகளும் கைபேசிச் சார்ஜர்களும் மின்விசிறியின் மின்னணு ரெகுலேட்டர்களும் கம்பியில் இரைச்சலைக் கொட்டுபவை. மிக்ஸி ஓடும்போது அதன் கார்பன் பிரஷ்ஷில் எழும் தீப்பொறியும் அப்படியே. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். சார்ஜர் என்றால் அடாப்டருக்கு அருகில் செருகாமல் வேறு அறைக்கு மாற்றுங்கள். இதற்கிடையில் இன்வர்ட்டர் வைத்திருந்தால், இரு முனைகளில் ஒன்று மட்டும் இன்வர்ட்டர் பாதையில் வருகிறதா என்றும் பாருங்கள். இடையில் அந்தப் பெட்டி நிற்பதே அலையைப் பலவீனப்படுத்தலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் என் இணையத்தைத் திருட முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: ஒரே மின்மாற்றியிலிருந்து வரும் கம்பி என்பதால் அலை கொஞ்சம் அங்கே கசிய வாய்ப்புண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னும் அதிகம். தகவல் 128 பிட் குறியீட்டில் பூட்டப்பட்டே செல்கிறது. ஆனால் ஆலையிலிருந்து வரும்போது எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பொதுச் சாவி இருப்பது வழக்கம். இரண்டு அடாப்டரிலும் உள்ள இணைப்புப் பொத்தானை, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் அடுத்தடுத்து அழுத்தினால் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகிவிடும். பலர் செருகியதும் இணையம் வந்துவிட்டதே என்று இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: மாடிக்குத் தனி மீட்டர் என்றால் வேறு என்னதான் வழி?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேட்-6 எனும் ஈத்தர்நெட் கேபிள்தான். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். மின்கம்பி செல்லும் அதே குழாய்க்குள் அதை நுழைக்காதீர்கள், தனிக் குழாய் போடுங்கள். மொட்டை மாடி வழியாகவோ வெளிச்சுவர் வழியாகவோ இழுக்க வேண்டியிருந்தால் செப்புக் கேபிளுக்குப் பதில் ஃபைபர் கேபிளும் இரு முனைகளில், ஃபைபரின் ஒளியை ஈத்தர்நெட்டாக மாற்றும் இரண்டு மாற்றிகளும் வாங்குங்கள். ஐப்பசி மழையில் இடி இறங்கும்போது கேபிள் வழியே ரூட்டருக்கும் கணினிக்கும் சேதம் வராமலிருக்கும்.