காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் தேர் வடம் பிடிப்பதில் சாதித் தகராறு. பக்தியோடும் பரிவோடும் இதில் சமரசம் பேச இறங்கி, நாமும் நொறுங்காமல் இருப்பது எப்படி?

முதலில் எதைப் பேசித் தீர்க்கலாம், எதைப் பேரம் பேசக் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்த நேரம், யார் எந்த இடத்தில் நிற்பது என்பதெல்லாம் பேசலாம். ஒரு சாதியார் வடத்தைத் தொடலாமா என்பது பேரத்துக்கு உரியதல்ல. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. பரிவின் பேரில் இதை விட்டுக்கொடுத்தால், ஏற்கெனவே அவமானப்பட்டவர்கள் தலையிலேயே சமாதானத்தின் செலவு விழும்.

பெரும்பாலும் கெடுவது ஊர்க் கூட்டத்தில்தான். நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை யாரும் திரும்ப எடுப்பதில்லை. அதனால் முதலில் தனித்தனியாக, அவரவர் வீட்டுத் திண்ணையில் சந்தியுங்கள். இருவராகப் போங்கள், முக்கால் மணி நேரம் போதும். கேட்டதை அவர்களிடமே திருப்பிச் சொல்லி, "சரியா புரிஞ்சுக்கிட்டேனா அண்ணே?" என்று கேளுங்கள். ஒரு தரப்பின் பேச்சை மறு தரப்புக்குச் சுமக்காதீர்கள்; வழியில் அது கூர்மையாகிவிடும்.

வசை வந்தால் ஒருமுறை தடுங்கள். மறுபடி வந்தால் எழுந்து வாருங்கள், நாளை வருவதாகச் சொல்லிவிட்டு. இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் பதில் வேண்டாம். மிரட்டலோ அடிதடியோ என்றால் நடுவர் வேலையை நிறுத்திவிட்டு, காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அமைதிக் கூட்டம் கேட்டு வட்டாட்சியருக்கும் மனு கொடுங்கள்.

பக்கத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1982இல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து, கிறித்தவர் கலவரம் நடந்தபோது, காரைக்குடி அருகேயுள்ள குன்றக்குடி மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார் மடத்தில் இருந்தபடியே வாழ்த்து அனுப்பிவிட்டு நிற்கவில்லை, நேரே போய் மக்களிடையே அமைதிக்குப் பாடுபட்டார்.