ஊதா ஏன் பழுப்பாகிறது? பொட்டாசியம் பர்மாங்கனேட் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே உப்பைப் பற்றியவை. பர்மாங்கனேட்டோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கரைசலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அதன் நிறமே சொல்லிவிடும். ஊதா என்றால் சரக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. நிறமே இல்லையென்றால் வினை முழுதாக முடிந்துவிட்டது. பழுப்பு தெரிந்தால் எங்கோ பாதை மாறிவிட்டது. கீழே உள்ள பல பதில்கள் அந்தப் பழுப்பைப் பற்றியவைதான்.

3.16 கிராம் துல்லியமாக எடைபோட்டு 1 லிட்டரில் கரைத்தேன். 0.02 மோலார் செறிவு வரவேண்டும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் செறிவு குறைந்திருக்கிறது. என் தராசில் கோளாறா?

தராசை விட்டுவிடுங்கள். எடைபோட்டுக் கரைத்ததை வைத்தே செறிவை நம்பக்கூடிய பொருள் அல்ல இது. நல்ல தரமான படிகத்திலும் கொஞ்சம் மாங்கனீசு டை ஆக்சைடு என்ற பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ச்சி வடித்த நீரிலும் துளியளவு கரிமப் பொருள் இருக்கும். பர்மாங்கனேட் அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது மேலும் டை ஆக்சைடு உண்டாகும். அந்தப் பழுப்புத் தூளே பர்மாங்கனேட் சிதைவதற்கு வினையூக்கியாகவும் வேலை செய்கிறது. அதாவது, கெட ஆரம்பித்த கரைசல் தன்னைத்தானே மேலும் கெடுத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் இன்னும் வேகம்.

அதனால்தான் கரைசலை ஒரு மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்டி, பழுப்பு நிறக் குப்பியில் வைக்கச் சொல்கிறார்கள். வடிகட்டத் தாளைப் பயன்படுத்தாதீர்கள். தாள் செல்லுலோஸ், பர்மாங்கனேட்டுக்கு அது தீனி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தாளில்தான் வடிகட்டினேன். எடுக்க வந்த பழுப்பைவிட அதிகப் பழுப்பைப் போட்டுக்கொடுத்தேன். நுண்துளைக் கண்ணாடி வடிகட்டிதான் இதற்கு ஏற்றது. பிறகு, உலர்த்திய சோடியம் ஆக்சலேட்டைக் கொண்டு செறிவைக் கண்டுபிடித்து எழுதி ஒட்டுங்கள். நாள் கடந்தால் மறுபடி சரிபாருங்கள். 3.16 என்பதைத் துல்லியமாக எடைபோட மெனக்கெட வேண்டியதே இல்லை, 3.2 கிராம் என்று போட்டாலும் போதும்.

ஆக்சலேட்டோடு தரம்பார்க்கும்போது (துளித்துளியாக விட்டுச் செறிவைக் கண்டுபிடிக்கும்போது) முதல் சில துளிகளின் நிறம் போகவே மாட்டேன் என்கிறது. அப்புறம் திடீரென்று விழுந்தவுடன் மறைகிறது. ஏன்?

இந்த வினைக்கு ஊக்கி மாங்கனீசு 2+ அயனி. ஆரம்பத்தில் அது குடுவையில் இல்லை; வினை நடந்தால்தான் உண்டாகும். முதல் துளிகள் தயங்கித் தயங்கி அதை உண்டாக்கிக் கொடுக்கின்றன, பின்னால் வருபவை அதன்மேல் ஓடுகின்றன. இதற்குத் தன்வினையூக்கம் என்று பெயர். அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே நிறைய ஊற்றினால் பழுப்பு மண்டி தெரியும்; அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கரைசல் 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக இருக்கட்டும், ஆனால் கொதிக்கவிட வேண்டாம். அதிகச் சூட்டில் ஆக்சாலிக் அமிலமே சிதைந்து கணக்கு கெடும்.

இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவு நிலை. முடிவைக் காட்ட நிறம் மாறும் வேறு பொருள், அதாவது நிறங்காட்டி, தனியாகத் தேவையில்லை. பியூரெட்டில் (துளித்துளியாக விடும் அளவுக் குழாயில்) அடிப்பிறை, அதாவது குழிந்த திரவ மட்டத்தின் அடிப்பகுதி, தெரியாத அளவுக்குக் கரைசல் கருமையாக இருப்பதால், மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அதே விளிம்பைத்தான்.

ஏன் எப்போதும் நீர்த்த கந்தக அமிலமே? ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாதா?

கூடாது. பர்மாங்கனேட் அதன் குளோரைடைக் குளோரினாக மாற்றிவிடும். அளவும் தவறும், வாயுவும் வரும். நைட்ரிக் அமிலமோ தானே ஒரு ஆக்சிஜனேற்றி. கந்தக அமிலம் இந்தச் சண்டையில் தலையிடாது. ஆனால் *நீர்த்த* என்ற சொல்லை மறக்கக் கூடாது. அடர் கந்தக அமிலத்தில் பர்மாங்கனேட் படிகத்தைப் போட்டால் மாங்கனீசு ஹெப்டாக்சைடு உண்டாகும். எண்ணெய் போன்ற, கரும்பச்சைத் திரவம், வெடிக்கக் கூடியது. காணொளியில் பார்த்தேன், செய்து பார்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதே பதில்: வேண்டாம்.

பர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7 நிலையில் இருக்கிறது, அதில் d எலக்ட்ரானே இல்லை. d-d தாவல் இல்லாமல் இவ்வளவு அடர்ந்த நிறம் எப்படி?

நல்ல கேள்வி. பல உலோக உப்புகளுக்கு நிறம் தருவது d-d தாவல்: உலோகத்தின் d எலக்ட்ரான் ஒளியை வாங்கிக்கொண்டு ஒரு d ஆர்பிட்டாலிலிருந்து (எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து) இன்னொன்றுக்குத் தாவுவது. இங்கே நிறத்துக்குக் காரணம் மாங்கனீசுக்குள் நடக்கும் தாவல் அல்ல. ஒளியை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனிலிருந்து ஒரு எலக்ட்ரான் மாங்கனீசின் காலி ஆர்பிட்டாலுக்குத் தாவுகிறது. இது மின்சுமை பரிமாற்றம். d-d தாவலைப் போல விதிகள் இதைத் தடுப்பதில்லை, அதனால்தான் இத்தனை தீவிரம். 525 நானோமீட்டர் அருகே, அதாவது பச்சையில், உறிஞ்சுகிறது. மீந்த சிவப்பும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்கு ஊதா. வினை முடிந்தபின் கிடைக்கும் மாங்கனீசு 2+ அயனியில் ஐந்து d எலக்ட்ரான்கள் இருந்தும் நிறம் ஏறக்குறைய இல்லை. எலக்ட்ரான் இல்லாதது கருமையாகவும் இருப்பது வெளிறியும் நிற்கும் இந்த முரணை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், தூங்குகிறவரும் நிமிர்வார்.

சுத்திகரிப்பு நிலையத்தில் இரும்பு, மாங்கனீசு நீக்க இதைச் சேர்க்கிறோம். சில நாள் வெளிவரும் நீர் ரோஜா நிறமாகிறது. எவ்வளவு சேர்ப்பது?

கணக்குப்படி 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.94 மில்லிகிராம், 1 மில்லிகிராம் மாங்கனீசுக்கு 1.92 மில்லிகிராம் பர்மாங்கனேட். இங்கே அமிலம் இல்லாததால் வினை பழுப்பு டை ஆக்சைடோடு நின்றுவிடும். ஆய்வகத்தில் நாம் திட்டும் அதே பழுப்பு இங்கே வேண்டியது. அது மண்டியாகி வடிகட்டியில் பிடிபடும், கரைந்திருக்கும் உலோகத்தையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் இரும்புக்கு நடைமுறையில் கணக்கைவிடக் குறைவாகவே போதுமாகலாம். மறுபக்கம், நீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடோ கரிமப் பொருளோ இருந்தால் அதிகம் தேவைப்படும்.

ரோஜா நிறம் என்றால் மிகை. மூல நீரின் தன்மை மாறும் நாட்களில் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் வழக்கமான காரணம். ஜார் டெஸ்ட் (பல குடுவை நீரில் வெவ்வேறு அளவு சேர்த்து ஒப்பிடும் சோதனை) போட்டுப் பார்த்து, வடிகட்டிக்கு முன்னமே நிறம் மறைந்துவிடும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கனீசு வெளியேற மறுத்தால் பிஎச் மதிப்பையும் பாருங்கள், 7.5க்கு மேல் வினை வேகமாக நடக்கும்.

தோல் ஊறவைக்க மருத்துவர் 1:10,000 என்று எழுதியிருக்கிறார். எப்படிக் கலப்பது?

1 லிட்டர் நீருக்கு 100 மில்லிகிராம். நீர் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். ஊதாவாக இருந்தால் அதிகம். ஒரு படிகம்கூடக் கரையாமல் அடியில் கிடக்கக் கூடாது; தோலில் பட்டால் அந்த இடம் புண்ணாகும். வில்லையாகக் கிடைப்பதை மாத்திரை டப்பாவோடு சேர்த்து வைக்காதீர்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நகத்தில் ஏறும் பழுப்புக்குப் பயப்பட வேண்டாம், நகம் வளர வளரப் போய்விடும்.

பர்மாங்கனேட்டில் கிளிசரின் விட்டுத் தீப்பற்றவைக்கும் செய்முறை மாணவர்களுக்குக் காட்டலாமா?

ஆசிரியர் காட்டலாம், மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. அரை நிமிடமோ அதற்கு மேலோ ஒன்றும் நடக்காதது போலிருக்கும். எல்லா விபத்தும் அந்த நேரத்தில்தான்: எட்டிப் பார்ப்பார்கள்.

வாங்கப் போனால் ஏன் இவ்வளவு படிவம்?

கொக்கெய்ன் சுத்திகரிப்பில் பயன்படுவதால், 1988ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இந்த உப்பும் இருக்கிறது. கடைக்காரரைக் கோபிப்பதில் பயனில்லை.

பழைய பியூரெட்டில் பழுப்புக் கறை. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றலாமா?

மேலே சொன்ன குளோரின் கதைதான் இங்கேயும். துளி கந்தக அமிலம் சேர்த்த நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள், கண்ணாடி பளிச்சென்று ஆகும். மீந்த கரைசலை அப்படியே தொட்டியில் கொட்ட வேண்டாம். நன்றாக நீர்க்கச் செய்து, சோடியம் பைசல்ஃபைட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊதா போனபின், பிஎச் சரிசெய்து, பழுப்பு மண்டி இருந்தால் வடிகட்டிக் கழிவு டப்பாவில் சேருங்கள்.