துக்கச் செய்தி உறவினர் எல்லோருக்கும் எட்ட

மன்னார்குடிப் பக்கத்தில் உங்கள் பெரியப்பா இறந்த செய்தி, குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய், உடலை எடுத்த பிறகே சென்னையில் உங்கள் கண்ணில் பட்டது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது.

அந்தக் குழுவைக் கலைக்க வேண்டாம். வெளியூரில் வளரும் பிள்ளைகள் மேட்டூர்த் தண்ணீர் வந்ததையும் குறுவை நடவையும் அதில்தான் பார்க்கிறார்கள். தனியாக இன்னொரு குழு தொடங்கி, நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். பிறப்பு, இறப்பு, திருமணம், குலதெய்வக் கோயில் குடமுழுக்கு ஆகியவை போதும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப்பின் ஒளிபரப்புப் பட்டியல் (broadcast list) சரிப்படாது. உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும்.

துக்கச் செய்திக்கு மட்டும் எந்தக் குழுவையும் நம்பாதீர்கள். ஊருக்கு ஒருவர் பொறுப்பேற்றுத் தம் பக்கத்து உறவினர் அனைவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட, பட்டன் போன் வைத்திருக்கும் அத்தைமாருக்கு வேறு வழியே இல்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரவு மன்னார்குடிக்கு வரும் மன்னை எக்ஸ்பிரஸ் ரயிலுக்குக் காத்திருப்பதா, உடனே காரில் கிளம்புவதா என்று சென்னையில் இருப்பவர்கள் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.