கட்டிய முன்பணத்தை வைத்து மகளின் படிப்பை முடிவு செய்யாதீர்கள்

சென்ற வாரம் ஒரு தம்பதி மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தார்கள். அவளுக்குப் பள்ளிப்படிப்பு முடியப்போகிறது. பெரியப்பா சொன்னார் என்று வெளிநாட்டு நிதி மேலாண்மைப் படிப்புக்கு முன்பணம் கட்டியாயிற்று, மீதிக்குக் கடன். "எப்போது பார்த்தாலும் பங்குச்சந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பயமாக இருக்கிறது" என்றார் அம்மா. மகள் ஒரு நோட்டை நீட்டினாள். ஐந்து நாட்டுச் சந்தைக் குறியீடுகள், நாள்வாரியாக, அவள் கையெழுத்தில். ஒரு பைசா போட்டதில்லை. "ஒரு சந்தை விழுந்தால் மற்றதும் ஏன் கூடவே விழுகிறது?" இதுதான் அவள் கேள்வி.

அம்மா, பயப்படாதீர்கள், அவள் சூதாடவில்லை. ஆறுதலாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெரியப்பா சொல்லும் படிப்பு இவளுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நிறுவனத்தை நடத்த விரும்புகிறவர்களுக்கு அது சரி. இவள் கேட்பது வேறு. அதற்கு விடை இருக்கும் துறை புள்ளியியல். அப்புறம் மேற்படிப்பில் பொருளாதார அளவியல், அதாவது பொருளாதாரக் கேள்விகளைப் புள்ளிவிவரங்களால் சோதிக்கும் துறை. கணக்காயர், வங்கித் தேர்வு என்று எல்லோரும் சொல்வதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

நான் சொல்லும் இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது? 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. பல நாட்டுச் சந்தைகளும் சேர்ந்தே சரிந்தன. பணத்தைப் பல நாடுகளில் பிரித்துப் போட்டால் ஆபத்து குறையும் என்பார்கள். சந்தைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது, பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது கைவிடுகிறது. தனித்தனியாக அலையும் இரண்டு விலைத்தொடர்கள் நீண்ட காலத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் போகின்றனவா என்று சோதிக்க எங்கிள், கிரேஞ்சர் என்ற பொருளாதார அறிஞர்கள் 1987-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கோஇன்டகிரேஷன் என்று பெயர். 2003-இல் இருவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது: கிரேஞ்சருக்கு இதற்காக, எங்கிளுக்கு ஏற்ற இறக்கத்தை அளக்கும் முறைக்காக. இதில் ஒரு பொறியும் உண்டு. நெருக்கடியில் ஏற்ற இறக்கம் கூடுவதாலேயே சந்தைகளின் ஒட்டுறவு எண்ணும் (அவை எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற அளவு) பெரிதாகத் தெரியும்; உறவு நிஜமாகவே இறுகியதா என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் நோட்டின் ஓரத்தில் "நெருக்கடி நாட்களில் மட்டுமா?" என்று எழுதியிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்துக்கு வந்திருக்கிறாள்!

சந்தையின் மறுபக்கம் மனிதர்கள். ஆபத்தின் முன் எப்படி முடிவெடுக்கிறோம் என்பதை கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் எழுதினார்கள். அவர்களுடைய 1992 கணிப்பில், ஒரு தொகையை இழக்கும் வலி அதே தொகையைப் பெறும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ 2.25 மடங்கு. அதனால்தான் பலர் லாபத்தில் இருக்கும் பங்கைச் சீக்கிரம் விற்றுவிட்டு, நஷ்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடுமே!

வேலை? வங்கிகளின் இடர் மேலாண்மைப் பிரிவு, பரஸ்பர நிதி நிறுவனங்கள், காப்பீடு, மத்திய வங்கிகளின் ஆய்வுப் பிரிவு, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்புகள், பங்கு வர்த்தகத்துக்கு எவ்வளவு மார்ஜின் (பிணைத்தொகை) பிடிக்க வேண்டும் என்று கணக்கிடும் தீர்வு நிறுவனங்கள். இந்தக் கணக்குகளைப் போட உதவும் ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகள் இரண்டும் இலவசம். இன்றே அந்த நோட்டை வைத்தே பழகத் தொடங்கலாம். கணிதம் கடினமாக இருக்கும், மறைக்கமாட்டேன். ஆனால் அவளுக்குக் கணிதம் பிடிக்கிறது.

"முன்பணம் கட்டிவிட்டோமே" என்றார் அப்பா. ஐயா, நஷ்டப் பங்கை விடாமல் பிடித்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். அந்தப் பணம் எந்த வழியில் போனாலும் திரும்பாது என்றால், கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது. இனி போகப்போகும் பணத்தை மட்டும் பாருங்கள். கடனின் தவணை நிச்சயம். அந்தப் பட்டத்துக்குப் பின் வரும் சம்பளம் நிச்சயமில்லை. வேலை கிடைக்காத ஆண்டிலும் தவணை வரும். பெரியப்பா அதைக் கட்டப்போவதில்லை.

அந்தப் படிப்புக்கான முதல் தவணைக் கட்டணத்தை இப்போது அனுப்பாதீர்கள். முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், உறவினர் யாரும் இல்லாத நேரத்தில் அந்த நோட்டை விரித்து, அவளையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள்.