நிறுத்திய மோட்டார் சைக்கிள் ஏன் சரிகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏ9 வீதியோரக் கடைக்கு முன்னால் சைட் ஸ்ராண்டில் விட்ட சைக்கிள் அடிக்கடி வலப்பக்கம் விழுந்து கிடக்கிறது. ஸ்ராண்ட் இருப்பது இடப்பக்கம் அல்லவா?
– வாசகர், மாங்குளம்

பதில்: ஸ்ராண்டில் பிழை இருக்காது, விட்ட விதத்தைப் பாருங்கள். சைக்கிள் இடப்பக்கம் போதிய அளவு சாய்ந்தால்தான் பாரம் ஸ்ராண்டில் இறங்கும். கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்கள் பலர் வீதியைக் குறுக்கே கடந்து, வலப்பக்கக் கடையின் முன்னால் வந்த திசையிலேயே விட்டுவிடுவார்கள். தார் வீதி நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிவது. ஆகவே சைக்கிளின் இடப்பக்க நிலம் மேடாகவும் வலப்பக்கம் பள்ளமாகவும் அமைந்து, சைக்கிள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். சோளகக் காலமென்றால் தென்மேற்குக் காற்றும் இடப்பக்கத்தில்தான் அடிக்கும். அந்த நேரம் ஒரு டிப்பர் விரைந்து போனால் போதும்.

விட்டபின் ஹாண்டிலை இரண்டு விரலால் மெல்ல வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். ஸ்ராண்டின் கால் நிலத்தை விட்டுக் கிளம்பினால் அந்த இடம் சரிவராது.

பின் ரயர் கடைப் பக்கமும் முன் ரயர் வீதிப் பக்கமும் இருக்க, பின்னுக்குத் தள்ளி விடுவதே நல்லது. முன்பக்கம் மேட்டை நோக்கும். சைக்கிள் சற்றுப் பின்னுக்கு உருண்டாலும் ஸ்ராண்ட் இன்னும் இறுகும். முன்னுக்கு உருண்டால்தான் மடியும். எஞ்சினை நிறுத்தி முதல் கியரில் போடுங்கள். கியர் விழாவிட்டால் சைக்கிளை முன்னும் பின்னும் சற்று அசைத்தால் விழும். ஹாண்டிலை இடப்பக்கம் முழுவதாகத் திருப்பிப் பூட்டுங்கள். திரும்பிப் போகும்போதும் வீதியைப் பார்த்தபடி ஏறலாம். பின்னுக்கு உருட்டி வீதிக்கு இறங்குவதைப் போன்ற ஆபத்தான வேலை வேறில்லை.

கேள்வி: மாரியில் ஸ்ராண்ட் சேற்றில் புதைகிறது. தகடு ஒட்டலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஒட்டலாம். வெல்டிங் கடையில் 3 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பில் இரும்புத் தகடு போதும். கால் நிலத்தில் படும் சாய்வுக்கு ஏற்பச் சாய்த்து ஒட்டச் சொல்லுங்கள். நேராக ஒட்டினால் ஒரு விளிம்பு மட்டும் மண்ணைக் கிழித்து இறங்கும். ஸ்ராண்டை மடக்கியதும் தகடு செயினில் முட்டுகிறதா, இடப்பக்கம் சரித்துத் திருப்பும்போது நிலத்தில் உரசுமா என்று கடையிலேயே பாருங்கள். ஒட்டிய இடத்துக்குப் பெயின்ற் பூசாவிட்டால் ஒரு மாரியிலேயே கறள் பிடிக்கும்.

வெல்டிங் வேண்டாமென்றால் உள்ளங்கையளவு மெல்லிய பலகைத் துண்டைச் சீற்றுக்கு அடியில் வைத்திருங்கள். தடித்த பலகை வேண்டாம்: அது சைக்கிளை நிமிர்த்திவிடும், மாங்குளத்துக்காரரின் கதைதான். பங்குனி, சித்திரை உச்சி வெயிலில் இளகிய தாரிலும் ஸ்ராண்ட் இறங்கும் என்பதால் துண்டு கோடையிலும் உதவும்.

கேள்வி: ஸ்கூட்டருக்குக் கியர் இல்லை. குளக்கட்டுச் சரிவில் எப்படி விடுவது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: டபிள் ஸ்ராண்டில், முன்பக்கம் மேட்டைப் பார்க்க விடுங்கள். பள்ளத்தைப் பார்த்தால் அதுவும் முன்னுக்கு உருண்டு இறங்கிவிடும். முன் பிரேக் லீவரை இழுத்து, பழைய ரியூப்பில் வெட்டிய ரப்பரால் ஹாண்டிலோடு கட்டிவிட்டால் சக்கரம் அசையாது. ஸ்ராண்டில் ஏற்றும்போது கையால் தூக்க வேண்டாம், நாரிதான் போகும். ஸ்ராண்டின் இரண்டு கால்களும் நிலத்தில் படும்வரை ஸ்கூட்டரை நிமிர்த்தி, பிறகு உங்கள் முழுப் பாரத்தையும் மிதிக்கும் காலில் போடுங்கள். கை வழிகாட்டினால் போதும்.

கேள்வி: நிழலுக்கு எந்த மரம் நல்லது?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேம்பு. எச்சம் விழும், கழுவலாம். தென்னையும் ஆவணிப் பனையும் வேண்டவே வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் வைக்கோலுக்கு மேல் விடாதீர்கள்: ஓடிவந்த சூட்டில் சைலன்சர் வைக்கோலைப் பற்றவைக்கும்.