வேலையில் முதலிடம், வீட்டில் விருந்தாளி

கேள்வி: விற்பனைப் பிரிவில் 5 வருடமாக நான்தான் முதலிடம். வாரம் 65 மணி நேர வேலை, இரவில் 5 மணி நேரத் தூக்கம். 10 வயது மகள் என்னிடம் எதுவும் சொல்வதே இல்லை. வேகத்தைக் குறைத்தால் இடம் போய்விடுமோ?

பதில்: இப்படியே ஓடினால்தான் இடம் போகும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 2 வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவு அறவே தூங்காதவர்களுடையதைப் போலச் சரிந்தது. குறைவாகத் தூங்கியவர்களுக்கோ அந்தச் சரிவு சரியாகத் தெரியவில்லை. 'பழகிவிட்டது' என்ற நினைப்பை நம்பாதீர்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணித்தது.

எழும் நேரத்தை மாற்றாமல், 4 நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னதாகப் படுங்கள், 7 மணி நேரம் எட்டும்வரை. விடுமுறையில் நெடுநேரம் தூங்கி ஈடுகட்டப் பார்த்தால், அன்றிரவு தூக்கம் தள்ளிப்போய் எல்லாம் குலையும்.

அடுத்து, ஒரு வாரம் அரைமணிக்கு ஒருமுறை செய்ததைக் குறித்துவையுங்கள். மற்றவர் செய்யக்கூடியவை தானே தெரியும். அவற்றை வாரத்துக்கு 3 மணி நேரம் வீதம் கைமாற்றுங்கள், முடிவெடுக்கும் உரிமையோடு. ஒவ்வொரு வரியையும் நீங்களே சரிபார்த்தால் வேலை இரட்டிப்பாகும். மிச்சமாகும் நேரத்தை அன்றே நாட்காட்டியில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தடகள வீரர்கள் பெரிய போட்டிக்கு முன் சுமார் 2 வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாக்குவார்கள், வேகத்தை மட்டும் விடமாட்டார்கள். காலாண்டுக் கணக்கு முடிந்ததும் நீங்களும் ஒரு வாரம் கூட்டங்களைப் பாதியாக்கி, முக்கிய வாடிக்கையாளர்களை மட்டும் பாருங்கள். சற்று விலகி நின்றால் இடம் போய்விடாது: 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகிய அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்றார்.

மகள் விஷயம்தான் எங்களுக்கு அதிகம் கவலை தருகிறது. எதிரே உட்காரவைத்து 'என்ன பிரச்சினை?' என்று கேட்காதீர்கள். தினமும் 20 நிமிடம், கைபேசி வேறு அறையில். என்ன செய்வது என்பதை அவள் சொல்லட்டும். படம் வரையலாம், சும்மா நடக்கலாம். மதிப்பெண் பேச்சு வேண்டாம். முதல் சில வாரங்கள் பேசாமலே இருக்கலாம். இதையும் பாதியில் விட்டுவிடுவீர்களா என்று பார்ப்பாள். வரமுடியாத நாளில் அந்த நேரத்துக்கு முன்பே நீங்களே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.