இன்ஜினின் மூன்று ஸ்பார்க் பிளக்கில் ஒன்று மட்டும் எண்ணெயாக வருகிறதே?

இரண்டு பிளக் வெளிர்பழுப்பு, ஒன்று மட்டும் எண்ணெய்க் கருப்பு என்கிறீர்கள். நனைந்திருப்பது எது, பொறி பறக்கும் எலக்ட்ரோடு முனையா, மேலே உள்ள பீங்கானா? பீங்கான் என்றால் இன்ஜின் மேல்மூடியான வால்வு கவர் பக்கம் ஆயில் கசிவு, சின்ன வேலைதான். முனை என்றால் சிலிண்டருக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். புது பிளக்கும் கொஞ்ச நாளில் கருத்துவிடும். சிலிண்டரில் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

மாற்றும்போது இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் ஏறும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். புது பிளக்கை ஏற்ற, அதன் தலையில் ரப்பர் ஹோஸைச் செருகித் திருகுங்கள். கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிவிடும், மரை தப்பும். (ஒருமுறை ஸ்பேனரிலேயே ஆரம்பித்து ஹெட்டுக்கே செலவு வைத்தவன் சொல்கிறேன்.) கையிறுக்கத்துக்குப் பின், வாஷர் உள்ள புது பிளக்குக்கு அரைச் சுற்று போதும்.